எலி மருந்துப் பெட்டிக்கு எதுக்குப் பூட்டு?

1/
போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். அவங்க அபார்ட்மென்ட்ல இந்த வருஷம் அவர்தான் செயலாளர்.

"டாக்டர், இது உங்ககிட்ட கேக்க வேண்டிய விஷயமான்னு தெரியல. கார் பார்க்கிங்ல சுவர் ஓரமா கறுப்பா எலி மருந்துப் பெட்டி வச்சிருக்காங்க இல்ல, அதோட சாவி தொலைஞ்சு போச்சு. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பிடலாம்னு வாட்ச்மேன் சொல்றார். நெம்பிடவா?"

"தயவு செஞ்சு நெம்பாதீங்க"ன்னேன்.

"ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு எதுக்கு டாக்டர் பூட்டு? எலி என்ன பூட்டைத் திறந்தா உள்ள போகப் போகுது?"ன்னு சிரிச்சார்.

நியாயமான கேள்விதான். எலி போறதுக்கு அதுல ஓட்டையே இருக்கு. பூட்டு நம்ம குழந்தைகளுக்காக. அது அந்தப் பெட்டியில வந்து சேர 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

2/
19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. எலியைக் கொல்ல எல்லார் வீட்டிலும் இருந்தது வெள்ளை ஆர்செனிக். நம்ம ஊர்ல வெள்ளைப் பாஷாணம்னு சொல்வாங்களே, அதுதான். கடையில சில காசுக்குக் கிடைக்கும். பார்க்க மாவு மாதிரி, சர்க்கரை மாதிரி இருக்கும். ருசியிலயும் பெருசா காட்டிக் கொடுக்காது.

சமையல்கட்டில் மாவும் சர்க்கரையும் இருக்கிற அலமாரியிலேயே இதுவும் இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆச்சு. தெரியாமல் செத்தவர்கள் ஒருபக்கம், தெரிந்தே கொல்லப்பட்டவர்கள் இன்னொரு பக்கம்.

1851ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆர்செனிக் விற்பனைக்கென்றே ஒரு சட்டம் போட்டது. வாங்குபவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் எல்லாவற்றையும் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். சில்லறையாக விற்கும் ஆர்செனிக்கில் கரியையோ நீலத்தையோ கலந்துதான் கொடுக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால்தானே சர்க்கரை என்று நினைப்பார்கள்?

விஷத்துக்கு நிறம் கொடுக்கணும் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது. இன்னைக்கு எலி மருந்து பச்சையாவும் நீலமாவும் சிவப்பாவும் இருக்கிறதுக்குப் பின்னாலும் இதே யோசனைதான்.

3/
ஆனா நிறம் மட்டும் போதலை. ஏழே வருஷத்தில், 1858ல், பிராட்ஃபோர்டு நகரத்தில் ஒரு கொடுமை நடந்தது.

அந்தக் காலத்தில் மிட்டாய் செய்பவர்கள் செலவைக் குறைக்க சர்க்கரையோடு சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒரு மலிவான வெள்ளைத் தூளைக் கலப்பார்கள். அதை வாங்க மருந்துக் கடைக்கு ஆள் போனார். கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை. உதவியாளர் வேலைக்குப் புதுசு. கிடங்கில் எந்தப் பீப்பாய் என்பதில் குழப்பம். அவர் அள்ளிக் கொடுத்தது ஆர்செனிக்.

அந்தப் பெப்பர்மின்ட் மிட்டாய் சந்தையில் விற்பனைக்கு வந்தது. சுமார் 20 பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. 200 பேர்வரை படுத்துவிட்டார்கள்.

இங்கே யாரும் யாரையும் கொல்ல நினைக்கலை. விஷம் சாப்பாட்டுப் பொருள் பக்கத்தில் இருந்தது, மேல பெயர் ஒழுங்கா இல்லை. அவ்வளவுதான் தப்பு. 1868ல் மருந்துக் கடைகளுக்கும் விஷ விற்பனைக்கும் கடுமையான சட்டம் வந்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

4/
இப்போ அமெரிக்கா போவோம். 1920கள். கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் மாடுகள் காரணமே தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பை வெட்டினால்கூட ரத்தம் நிற்காது. ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர், பூசணம் பிடித்த இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆகிறது என்று கண்டுபிடித்தார்.

1933 பிப்ரவரி. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும் ஒரு பால் கேனில் உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு, பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசன் நகரத்துக்கு வந்தார். அங்கே அவர் கண்ணில் பட்டது கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வகம். அன்னைக்கு அந்த மனுஷனுக்கு லிங்கால் பெருசா எதுவும் செய்ய முடியலை. "அந்த வைக்கோலைப் போடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினார்.

ஆனா கேன்ல இருந்த ரத்தத்தை விடலை. ஆறு வருஷ உழைப்பில், 1939ல், அவர் குழு அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதுதான் டைகூமரால்.

5/
1945ல் லிங்குக்குக் காசநோய். சானடோரியத்தில் படுத்தபடி எலி ஒழிப்பு பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். மாட்டைக் கொன்ற இந்தச் சரக்கு எலியைக் கொல்லாதா என்று யோசித்தார். அந்த வரிசையில் வீரியமான ஒன்று 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அமைப்பின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள்.

எலி சந்தேகப் பிராணி. புதுசா ஒரு தீனியைப் பார்த்தால் கொஞ்சம்தான் கடித்துப் பார்க்கும். தின்ற உடனே வயிறு வலித்தால் மறுபடி அந்தப் பக்கம் வராது. வார்ஃபரின் அப்படிக் காட்டிக் கொடுக்காது. கல்லீரல், ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கும். ஏற்கனவே ரத்தத்தில் இருக்கிற புரதம் தீர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எலிக்கு ஒண்ணும் தெரியாது.

குழந்தை தின்னாலும் அதே கதைதான். முதல் நாள் நல்லா ஓடி விளையாடும். "ஒண்ணும் ஆகலையே"ன்னு வீட்ல விட்டுடுவாங்க. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வர்றேன்.

6/
நாம அதை "எலி மருந்து"ன்னுதான் சொல்றோம், விஷம்னு சொல்றதில்ல. வார்ஃபரின் விஷயத்தில் அந்தப் பெயர் நிஜமாவே பலிச்சது.

1951ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒரு இளைஞர் இதைச் சாப்பிட்டு உயிரை விடப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே கொடுத்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இதற்கு முறிவு மருந்து இருக்கு என்ற நம்பிக்கை டாக்டர்களுக்கு வந்தது. 1954ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. 1955ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். இதய வால்வு மாற்றியவர்கள் பலர் இன்றும் இதைச் சாப்பிட்டு, ஐ.என்.ஆர் டெஸ்ட் எடுத்துட்டு நம்மகிட்ட வர்றாங்க.

7/
எலியும் சும்மா இருக்கலை. 1958லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. பதிலுக்கு 1970களில் அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன. புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் எல்லாம் அந்தக் கூட்டம். இவை கல்லீரலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். வார்ஃபரின் சில நாளில் இறங்கிவிடும். இதற்கு மாதக்கணக்கில் வைட்டமின் கே கொடுக்க வேண்டி வரலாம்.

விஷம் வலுவாகிக்கொண்டே போனது. ஆனா கடையில் வாங்கி, தட்டில் கொட்டி, அடுப்புக்குக் கீழே தள்ளுகிற பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

8/
அமெரிக்காவில் ஆறு வயசுக்குள்ள குழந்தைகள் எலி மருந்தைத் தொட்டுட்டாங்க, வாயில வச்சுட்டாங்கன்னு விஷத் தகவல் மையங்களுக்கு வருஷத்துக்கு 12,000 முதல் 15,000 அழைப்புகள் வந்தன. பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். ஆனா ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னாலும் ஒரு அம்மா நடுங்கி இருப்பாங்க இல்லையா?

1998ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாயில் ஒட்டும் சாயமும் கசப்புப் பொருளும் எலி மருந்தில் கட்டாயம் என்றது. அந்தக் கசப்புப் பொருளின் பெயர் டினட்டோனியம். 1958ல் ஸ்காட்லாந்தில் மரப்பு மருந்து ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்தது. நமக்கு நாக்கில் வைக்க முடியாது. கொஞ்சமாகக் கலந்தால் எலி கண்டுக்காது.

2001ல் முகமை அந்த விதியைத் திரும்பப் பெற்றது. நியூயார்க்கில், எலித் தொல்லை அதிகமுள்ள ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த கறுப்பின, லத்தீன் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வெஸ்ட் ஹார்லெம் பகுதி மக்கள் அமைப்பு ஒன்று இன்னொரு அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டது. 2005ல், கசப்பு விதியைக் கைவிட்டதற்குச் சரியான காரணம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது.

2008ல் புது முடிவு வந்தது. பொதுமக்களுக்கு விற்கும் எலி மருந்து, குழந்தை திறக்க முடியாத பெட்டியோடுதான் வரணும். பெட்டி தாங்குமா என்று நிஜக் குழந்தைகளிடமே கொடுத்துச் சோதிப்பார்கள். அடுத்த தலைமுறை மருந்துகள் வீட்டு உபயோகத்துக்குக் கிடையாது. ஒரு பெரிய நிறுவனம் எதிர்த்து நின்று, 2014ல்தான் இறங்கி வந்தது.

உங்க பார்க்கிங்ல இருக்கிற கறுப்புப் பெட்டி இந்த வம்சம்தான்.

9/
நம்ம ஊர்க் கதை வேற. இங்கே உயிரை வாங்கினது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். கல்லீரலை அழிக்கும், இதற்கு வைட்டமின் கே முறிவு ஆகாது. பெட்டிக்கடையில்கூடத் தொங்கியது. தமிழ்நாடு அரசு 2023ல் அதை நிரந்தரமாகத் தடை செய்தது. கைக்கு எட்டாமல் வைத்தாலே பல உயிர் தப்பும். பூட்டும் அதைத்தானே செய்யுது?

10/
சரி, சாவி தொலைஞ்சா என்ன பண்றது?

பெட்டி மேல கம்பெனி பெயரும் மாடலும் இருக்கும். பெரும்பாலும் ஒரே மாடலுக்கு ஒரே மாதிரி சாவிதான். பெஸ்ட் கன்ட்ரோல்காரங்ககிட்டயோ விற்றவர்கிட்டயோ கேட்டா இன்னொண்ணு கிடைக்கும். ரெண்டு வாங்கி, ஒண்ணைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்க.

நெம்பினா கொக்கி உடையும். உடைஞ்ச பெட்டி திரும்பவும் மூடின மாதிரிதான் தெரியும், ஆனா மூணு வயசுக் குழந்தை இழுத்தா திறந்துக்கும். ஏற்கனவே உடைஞ்சிருந்தா டேப் ஒட்டி சமாளிக்காதீங்க, பெட்டியையே மாத்துங்க.

திறக்கும்போது கையுறை போடுங்க. எலி மூத்திரத்தில் இருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும்.

உள்ளே என்ன மருந்துன்னு லேபிளை இன்னைக்கே போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்ல போட்டு வைங்க. குழந்தை வாயில வச்சுட்டா எங்களுக்கு முதல்ல வேணும்கிறது அந்தப் பெயர்தான்.

அப்படி ஆயிடுச்சுன்னா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. நல்லா இருக்கானேன்னு காத்திருக்கவும் வேண்டாம். லேபிளோட நேரா ஆஸ்பத்திரி. ரத்தம் உறையும் டெஸ்ட்டை ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப எடுக்கச் சொன்னா, கட்டாயம் போங்க.

மனசு சரியில்லாம இதைப் படிக்கிறவங்க இருந்தா, 104க்கோ 14416க்கோ இப்பவே பேசுங்க. பேசினா பாரம் குறையும்.

11/
நண்பர் மறுநாளே கம்பெனிக்குப் போன் பண்ணி சாவி வாங்கிட்டார். திறந்து பார்த்தா, உள்ள மருந்துக் கட்டி பாதி தீர்ந்திருக்கு. அந்தப் பெட்டிக்கு ரெண்டடி தள்ளித்தான் பசங்க சைக்கிள் நிறுத்துற இடம். "இப்பப் புரியுது டாக்டர்"னார்.

உங்க வீட்ல, ஆபீஸ்ல இந்தப் பெட்டி இருந்தா, சாவி யார்கிட்ட இருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை கேட்டு வைங்க.