உப்பு கேட்ட பிள்ளை

1940இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் லாசன் வில்கின்ஸ், கர்ட் ரிக்டர் என்ற இருவர் ஒரு மூன்றரை வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். வயதுக்கு மீறிய உடல் வளர்ச்சிக்காக அவனை பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் இருந்தவரை பிஸ்கட்டின் மேல் இருக்கும் உப்பை நக்கிவிட்டு மீதியை ஒதுக்கிவிடுவான். அவன் பேசக் கற்ற முதல் சொற்களில் ஒன்று 'உப்பு'. வார்டில் எல்லாருக்கும் கொடுக்கிற சாப்பாடுதான் அவனுக்கும் கிடைத்தது. ஏழே நாளில் இறந்துபோனான்.

உடலை அறுத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பழுதாகியிருந்தது. உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைப்பது அதன் ஹார்மோன்தான். அது இல்லையென்றால் சோடியம் ஒழுகும், தண்ணீரும் கூடவே போகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயம் நின்றுவிடும். பையன் அடம் பிடிக்கவில்லை. தன் உயிரைத் தானே பிடித்து வைத்திருந்தான்.

மருந்து வர அதிக காலம் ஆகவில்லை. பிறவியிலேயே வரும் அட்ரினல் கோளாறுக்கு கார்டிசோன் பலன் தருவதை 1950இல் அதே வில்கின்ஸ் காட்டினார். உப்பைக் காக்கும் அல்டோஸ்டிரோனை 1953இல் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். 1977இல் குதிகாலில் எடுத்த இரத்தச் சொட்டைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையும் வந்துவிட்டது.

அப்புறம் என்ன சிக்கல்? கண்டுபிடிப்பதுதான். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு மாறித் தெரிவதால் சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் வாந்தி, எடைக் குறைவு, நீர்வறட்சி. 'வயிறு சரியில்லை' என்று சொல்லிவிடுவோம். உப்புநீர் ஏற்றினால் தேறும். ஹார்மோன் கொடுக்காவிட்டால் மறுபடியும் விழும்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தது. முடிவு 2018இல் வெளியானது. மொத்தத்தில் 5,762 பேரில் ஒருவருக்கு இந்தப் பிறவிக் கோளாறு. சென்னையில் மட்டும் 2,036 பேரில் ஒருவருக்கு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணம் தெரியாத விஷயமா?

மலேசியாவில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டும் ஜி6பிடியும் பார்க்கிறார்கள். இந்த நோய் அந்த வரிசையில் இல்லை. அதுவரை, வாந்தியும் எடைக் குறைவுமாக வரும் பச்சைக்குழந்தைக்கு சோடியம், பொட்டாசியம் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் நாம்தான் கேட்க வேண்டும். அந்தப் பையனுக்காவது வாய்விட்டுக் கேட்கத் தெரிந்திருந்தது.