மூழ்கும் நிதி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு எங்கள் சொசைட்டியில் சிறப்புப் பொதுக்குழுக் கூட்டம். வழக்கமாக ஏழெட்டுப் பேர் தேறினாலே அதிசயம். கோரம் இல்லை என்று அரைமணி நேரம் தள்ளிவைத்து, பிறகு வந்தவர்களை வைத்தே நடத்தி முடித்து, சமோசா சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். மும்பையில் வீடு வாங்கியவர்களுக்கு இந்தச் சடங்கு தெரியும். இந்த முறை 32 வீட்டில் 27 வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பார்க்கிங்கில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதவில்லை.

காரணம் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் ரிப்போர்ட். எங்கள் கட்டடம் 1987ல் முடிந்தது. நாலு மாடி, முலுண்டில். தூண்களுக்குள் கம்பி துருப்பிடித்துவிட்டது. சஜ்ஜாக்கள் எப்போது வேண்டுமானாலும் கழன்று விழலாம். மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் செத்துப்போய் வருஷம் பல ஆகிவிட்டது. எல்லாம் சரிசெய்ய ஒரு கோடியே 30 லட்சம் ரூபாய். கையில் இருப்பது நாலரை லட்சம். மீதியை 32ஆல் வகுத்தால் வீட்டுக்குச் சற்றேறக்குறைய நாலு லட்சம், ஆறு மாதத்துக்குள்.

மூன்றாம் மாடியில் ஒரு ஆஜி இருக்கிறார். தனியாள். கணவர் முனிசிபல் பள்ளியில் வாத்தியாராக இருந்து காலமானவர். குடும்பப் பென்ஷனில் ஓடுகிறது. அவர் எழுந்து நின்று மராட்டியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முப்பத்தெட்டு வருஷமா மாசாமாசம் பில்லுல சிங்கிங் ஃபண்டுன்னு ஒரு வரி போட்டு வாங்கினீங்களே, அந்தப் பணம் எங்கே?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதற்குத் தனிக் காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வார்த்தையே மண்டைக்குள் சுற்றியது. சிங்கிங் ஃபண்ட். மூழ்கும் நிதி! யார் இப்படிப் பெயர் வைத்தார்கள்?

இங்கிலாந்துக்காரர்கள்தான். யுத்தம் போட்டுப் போட்டு ஏறிய தேசியக் கடனை அடைக்க, ஒவ்வொரு வருஷமும் வருமானத்தில் மிஞ்சுவதைத் தனியே எடுத்துவைப்பது என்று 1717ல் ஏற்பாடு செய்தார்கள். ராபர்ட் வால்போல் போட்ட திட்டம். கடனை 'மூழ்கடிக்கும்' நிதி என்பதுதான் பொருள். நிதியே மூழ்கிப்போகும் என்பதல்ல. ஆனால் 1733ல் அதே வால்போல், நிலவரியை ஏற்றினால் நிலச்சுவான்தார்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று, அந்த நிதியிலிருந்து 5 லட்சம் பவுண்டு எடுத்து நடப்புச் செலவுக்குப் போட்டார். ஒருமுறை கை வைத்தபின் நிற்குமா? அப்புறம் வருஷாவருஷம் எடுத்தார்கள். 1772ல் ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியார் கூட்டுவட்டியின் மகிமையைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஏசு பிறந்த அன்று ஒரே ஒரு பென்னியை 5 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் இன்று 15 கோடி தங்கப் பூமிகளுக்குச் சமமாக இருக்கும் என்று. கணக்கு சரிதான். 1700 வருஷம் யாரும் அந்தப் பென்னியைத் தொடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் :-)

எங்கள் சொசைட்டியிலும் ஒரு வால்போல் இருந்தார். 2004ல் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும். தனியாக வசூலித்தால் சண்டை வரும். சிங்கிங் ஃபண்டில் மூணு லட்சத்துச் சொச்சம் இருந்தது. துடைத்து எடுத்துப் பெயின்ட் அடித்தார்கள். மாதிரி உபவிதிகளில் இந்த நிதியை எதற்குத் தொடலாம் என்று தெளிவாக இருக்கிறது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட, வலுப்படுத்த, கட்டடக் கலைஞர் சான்று கொடுத்த பெரிய ரிப்பேருக்கு. பெயின்ட் அந்தப் பட்டியலில் இல்லை. கூட்டத்தில் கை தூக்கினார்கள், முடிந்தது. நிறம் நன்றாகத்தான் இருந்தது. வெளிர் மஞ்சள்.

மும்பையின் கதை இன்னும் பெரியது. 1896ல் பிளேக் வந்து ஊர் நாறியபிறகு, 1898ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்தது. நெரிசல் சால்களை இடித்து ரோடு போட்டார்கள், தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தார்கள். 1912ன் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்கள் அல்லாத சங்கங்களுக்கும் வழி திறந்ததும், 1915ல் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பதிவானது. இன்று நாம் சொசைட்டி என்று சொல்வதன் தொடக்கம் அங்கேதான். நல்ல யோசனை. குடியிருப்பவனே சொந்தக்காரன், ரிப்பேரும் அவன் பொறுப்பு.

ஆனால் நகரத்தில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் இருந்தார்கள். யுத்தகாலத்து வாடகை ஏற்றத்தைத் தடுக்க வந்த சட்டங்களின் தொடர்ச்சியாக 1947ல் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. வாடகை 1940 செப்டம்பர் மாத நிலையிலேயே உறைந்தது. அடுத்த தலைமுறை வந்தும் உறைந்தே கிடந்தது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பேயிங் கெஸ்டாக இருந்தேன். மூன்று அறை, மொசைக் தரை, உயரமான கூரை. அவர்கள் கட்டின வாடகையைவிட நான் அவர்களுக்குக் கொடுத்தது பல மடங்கு. மாமா அதைப் பெருமையாகவே சொல்வார். அதே மாமா, குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து விழும்போது வீட்டுக்காரரைத் திட்டுவார். அந்த வாடகையில் வீட்டுக்காரர் ஒரு மூட்டை சிமென்ட் வாங்கினாலே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். சொன்னால் அன்றைக்கு ரசம் கிடைக்காது என்பதால் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் ரிப்பேர் செய்யமாட்டார். குடியிருப்பவர் 'என் வீடா இது?' என்பார், பகடி கொடுத்து வந்தவர் கிளம்பவும் மாட்டார். 1960களில் மழைக்கு மழை கட்டடங்கள் விழுந்தன. 1968ல் பேடேகர் கமிட்டி போட்டார்கள். 1969ல் கட்டட ரிப்பேர் மற்றும் மறுகட்டுமான வாரியத்துக்குச் சட்டம் வந்தது. தீவு நகரத்தில் இருந்த 19,642 பழைய தனியார் வாடகைக் கட்டடங்கள் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முன் கட்டியவை. சொத்துவரியோடு ரிப்பேர் செஸ் என்று ஒன்று வசூலித்து, அந்தப் பொதுப் பணத்தில் அரசே ரிப்பேர் பார்ப்பது என்று ஏற்பாடு. 1977ல் இது மாடாவுக்குக் கீழே வந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நகரத்துக்கே சேர்த்து ஒரு ரிப்பேர் நிதி! கணக்காகப் பார்த்தால் அருமையான யோசனை. எல்லாக் கட்டடமும் ஒரே வருஷத்தில் விழாது; எல்லாரும் கொஞ்சம் போட்டால் விழப்போவதைத் தாங்கிப்பிடிக்கலாம். இன்சூரன்ஸ் மாதிரி. கோளாறு எங்கே என்றால், பட்டியலில் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே கிழடு. புதுசாக இளசு எதுவும் சேராது. எல்லா நோயாளிகளும் சேர்ந்து ஆரம்பித்த மருத்துவக் காப்பீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த பணம் முட்டுக்கொடுக்கவே சரியாக இருந்தது. தெற்கு மும்பையில் மரக்கம்பம், இரும்புக் கழி வைத்து முட்டுக்கொடுத்த கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த முட்டு பல வருஷம் அப்படியே நிற்கும். அதில் துணி காயப்போடுவார்கள்.

1986ல் சட்டத்தில் புது அத்தியாயம் சேர்த்தார்கள். 70 சதவீதம் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், அரசு கட்டடத்தைக் கையகப்படுத்தி அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று. வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992ல் உச்ச நீதிமன்றம் ஏறிய அந்த வழக்கு மூன்று, ஐந்து, ஏழு நீதிபதிகளைத் தாண்டி ஒன்பது நீதிபதிகள் பெஞ்சுக்குப் போய், 2024 நவம்பர் 5ந் தேதிதான் அந்தப் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. தனியார் சொத்து எல்லாமே சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று. நாடு முழுக்க அரசியல் சட்ட விவாதமாகப் பேசினார்கள். அடியில் இருந்தது, ஒழுகுகிற கூரையை யார் காசில் அடைப்பது என்ற கேள்வி. இதற்கிடையே 2017 ஆகஸ்ட் 31ந் தேதி பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் செத்துப்போனார்கள்.

சரி, அது தீவு நகரம். புறநகர்க்காரர்களான எங்களுக்குச் செஸ் கிடையாது, மாடா ரிப்பேருக்கு வராது. நம் கையே நமக்கு உதவி. அதற்குத்தான் உபவிதி இருக்கிறது. சிங்கிங் ஃபண்டுக்கு வருஷத்துக்குக் கட்டுமானச் செலவில் குறைந்தது 0.25 சதவீதம், சில்லறை ரிப்பேருக்குக் குறைந்தது 0.75 சதவீதம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டின் கட்டுமானச் செலவு அன்று ஒரு லட்சத்து இருபதாயிரம். அதில் 0.25 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 300 ரூபாய், மாதம் 25. அந்த 25 ரூபாய் இன்று வரைக்கும் 25 ரூபாய்தான். சிமென்ட் ஏறியது, கம்பி ஏறியது, மேஸ்திரி கூலி ஏறியது, எங்கள் சம்பளமும் ஏறியது. அது மட்டும் 1987லேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பைசாகூடத் தொடாமல், 8 சதவீத வட்டியில் 38 வருஷம் விட்டிருந்தாலும் 32 வீட்டுக்கும் சேர்த்து 21 லட்சம்தான் வந்திருக்கும். தேவையில் ஆறில் ஒரு பங்கு. ஆக, வால்போல் பெயின்ட் அடிக்காமல் இருந்திருந்தாலும் பெரிதாகத் தப்பியிருக்க மாட்டோம். 'குறைந்தது' என்று சட்டம் சொன்னதை 'இவ்வளவுதான்' என்று படித்தது எங்கள் தப்பு.

அமெரிக்காவில் இதை வேறுமாதிரி செய்கிறார்கள். ரிசர்வ் ஸ்டடி என்று பெயர். கூரை, லிஃப்ட், பம்பு, பைப் என்று ஒவ்வொன்றாக எழுதி, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், மாற்ற அன்றைக்கு என்ன விலை ஆகும் என்று பார்த்து, அதற்கு மாதாமாதம் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுவது. கலிஃபோர்னியாவில் 1985ல் வந்த டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டத்தின்கீழ் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இது நடக்கவேண்டும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபுளோரிடாவில், சேர்க்கவேண்டிய பணத்தை இந்த வருஷம் சேர்க்கவேண்டாம் என்று வீட்டுக்காரர்களே ஓட்டுப்போட்டுத் தள்ளுபடி செய்துகொள்ளலாம் என்று இருந்தது. சர்ஃப்சைடில் 1981ல் கட்டிய 12 மாடிக் கட்டடத்துக்கு 2018லேயே பொறியாளர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். சண்டை, ராஜினாமா, மறுபடி கூட்டம் என்று போய், ஒருவழியாக 2021 ஏப்ரலில் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிப்பது என்று முடிவானது. ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் பெரும்பகுதி விழுந்தது. 98 பேர். விழுந்ததற்குக் காசு இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பொறியியல் காரணங்கள் வேறு. ஆனால் அந்த மூன்று வருஷக் கூட்டங்கள் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருஷமே ஃபுளோரிடா சட்டத்தை மாற்றி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் முக்கியமான பாகங்களுக்கு நிதி சேர்ப்பதைத் தள்ளுபடி செய்யும் வழியை அடைத்தது.

இங்கே நமக்குத் தள்ளுபடிக்கு ஓட்டுகூட வேண்டாம். ரீடெவலப்மென்ட் என்ற ஒரு வார்த்தை போதும். பில்டர் வருவார், இடிப்பார், பெரிய வீடாகக் கட்டித் தருவார், கார்பஸ் பணமும் கொடுப்பார். பிறகு எதற்கு ரிப்பேர்? சிலருக்கு வருகிறது, மறுக்கவில்லை. மனை பெரிதாக, ரோடு அகலமாக இருக்கவேண்டும். எங்கள் ரோடு ஆறு மீட்டர். வந்த பில்டர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்தத் தனிக் காரணம். 2011ல் எங்கள் பொருளாளராக இருந்தவரை எல்லாரும் காகா என்போம். பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர். தூண்களில் அப்போதுதான் மெல்லிசாக விரிசல் வந்திருந்தது. ஏஜிஎம்மில் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து, சிங்கிங் ஃபண்டை மாதம் 400 ரூபாயாக ஏற்றவேண்டும் என்றார். எதிர்த்துப் பேசியவன் நான். நல்ல ஹிந்தியில், நகைச்சுவையாக வேறு. "பத்து வருஷத்தில் இடிக்கப்போகிற கட்டடத்துக்குச் சீதனம் சேர்க்கவேண்டுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது ஹோம்லோன் ஓடிக்கொண்டிருந்தது. தீர்மானம் தோற்றது. காகா நோட்டை மூடிவிட்டு "பகூயா" என்றார். மராட்டியில் 'பார்க்கலாம்' என்று அர்த்தம்.

அந்த 400 ரூபாயைக் கட்டியிருந்தால், ஏழரை சதவீத வட்டியோடு இன்று வீட்டுக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சேர்ந்திருக்கும். கட்டடத்துக்கு 36 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைவிட முக்கியம், விரிசலை அன்றே அடைத்திருந்தால் கம்பி இவ்வளவு துருப்பிடித்திருக்காது. துரு பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர் போகும். காகா 2018ல் தவறிவிட்டார். அவர் மகன் வீட்டை விற்றுவிட்டுப் புனேக்குப் போய்விட்டான்.

நேற்று சாயந்திரம் ஆஜி வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். சமையலறைச் சுவரில் லீக்கேஜ் கறை பெரிய மாம்பழம் மாதிரி இருந்தது. தவணையாகக் கட்டினால் சொசைட்டி ஏற்குமா என்று கேட்டார். மூன்று வருஷத் தவணைக்குத் தீர்மானம் கொண்டுவருகிறேன், முதல் வருஷத்துக்கு நாங்கள் சிலர் முன்பணம் போட்டு கான்ட்ராக்டரை ஆரம்பிக்கச் சொல்கிறோம் என்றேன். 2011 பற்றியும் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "நானும்தான் சிரிச்சேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். மாதாந்திர சிங்கிங் ஃபண்ட் தொகையை 1987 விலையில் இல்லாமல் இன்றைய கட்டுமான விலையில் கணக்கிடவேண்டும் என்று இரண்டாவது தீர்மானமும் என் பெயரில் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 1,200 ரூபாய் வருகிறது. இரண்டாம் மாடியில் புதுசாக வந்திருக்கும் ஐடி பையன் நேற்றே லிஃப்டில் பிடித்துக்கொண்டான். "அங்கிள், எப்படியும் ரீடெவலப்மென்ட் வரப்போகுதே, எதுக்கு இதெல்லாம்?"