தீட்டும் கிருமியும்

கரிசல் காட்டிலே பருத்திக்கு மருந்தடிப்பவரை நாம் பார்த்திருக்கிறோம். முதுகிலே தொட்டி, ஒரு கையிலே பிடி, மறு கையிலே குழல். காற்று எதிர்த்துத் திரும்பினால் மருந்து பூச்சிக்கும் போகும், அடிப்பவர் மூச்சுக்கும் போகும். 2020-இல் கொரோனா பரவியபோது, தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் அதே தொட்டி வயலை விட்டுத் தெருவுக்கு வந்தது. சுமந்தவர் தூய்மைப் பணியாளர். அந்த மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது என்ன? தெருவில் தெளிப்பது பயன் தராது. மண்ணும் அழுக்கும் மருந்தின் வலுவைக் கெடுத்துவிடும் என்பது.

தெருவோடு நின்றார்களா? இல்லை. மார்ச்சு இறுதியில், உத்தரப் பிரதேசத்துப் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளரைக் குழந்தை குட்டிகளோடு சாலையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். ஏப்ரல் முதல் நாள் நம் திருப்பூர்ச் சந்தையிலே ஒரு சுரங்கம் எழுந்தது. கைகளைத் தூக்கியபடி உள்ளே போய், சில நொடி நனைந்து, வெளியே வந்தால் தூய்மையாம்! தீர்த்தம் தெளித்துத் தீட்டுக் கழிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கிருமி இருந்தது நோயாளியின் தொண்டையிலும் மூச்சிலும், நனைந்ததோ சட்டை. தரையைத் துடைக்க உதவும் ஹைப்போகுளோரைட்டு, மனிதன் கண்ணையும் தோலையும் எரிக்கும். நல்லவேளையாக, ஏப்ரல் 18-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்மேல் தெளித்தல் கூடாது என்று அறிவித்தது.

விஞ்ஞானம் சென்ற வழி வேறு. 1877-இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர், வெயில் பட்ட இடத்தில் பாக்டீரியா வளராததைக் காட்டினர். அந்த வழியில் பிறந்ததே புற ஊதா விளக்கு. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிர் கிருமியின் மரபுப் பொருளையே சிதைக்கும். ஆனால் நிழலில் ஒளிந்ததைத் தொடாது. தொலைவு கூடினால் வலுவிழக்கும். மனிதன் மேல் பட்டால் அவனையும் சுடும். ஆகவே விளக்கு நகரவேண்டும். மனிதன் அங்கே இருத்தலாகாது. ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

2020-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஏவா ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இதைச் செய்தனர். தொலைவிலிருந்து முகம் காட்டிப் பேசுவதற்கான ரோபோ ஒன்றின் மேற்பகுதியைக் கழற்றினர். அவ்விடத்தில் புற ஊதா விளக்குகளைப் பூட்டினர். ஏழைகளுக்கு உணவு சேர்த்து வழங்கும் பாஸ்டன் கிடங்கிலே அதை ஓடவிட்டனர். வேகம் மணிக்குச் சுமார் 350 மீட்டர். நம் ஊர் மாட்டுவண்டி முந்திவிடும். ஒளி போதிய நேரம் விழவேண்டும் என்பதால் அந்த மந்தம். 4,000 சதுர அடியை அரைமணியில் முடித்தது. பரப்புகளின் மேலுள்ள கொரோனா வைரசுகளில் சுமார் 90 விழுக்காட்டை ஒழிக்கும் என்றனர். நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லை. அது மந்திரவாதியின் கணக்கு.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. திருச்சி அரசு மருத்துவமனைக்கு உணவும் மருந்தும் ஏந்திச் செல்லும் ரோபோக்களை அவ்வூர் நிறுவனம் ஒன்று தந்தது. தில்லி எய்ம்சில் தரையை ஹைப்போகுளோரைட்டால் துடைக்கும் ரோபோ ஓடியது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஆறு புற ஊதா விளக்குகள் கொண்ட கோபுரம் ஒன்றைச் செய்தது: 12 அடிக்கு 12 அடி அறைக்குப் பத்து நிமிடம். யாரேனும் கதவைத் திறந்தால் விளக்கு தானே அணையும்.

அந்தக் கதவு விசை நம் மனத்தைத் தொடுகிறது. தவறி உள்ளே வரும் மனிதனை எண்ணிப் பார்த்துச் செய்த வேலை அது. முதுகிலே தொட்டியை ஏற்றியபோது அந்த முதுகைப் பற்றி யார் எண்ணிப் பார்த்தார்? உழைப்பின் சுமையை எந்திரம் ஏற்கும் என்று 1940-களிலேயே 'இனி வரும் உலகம்' கண்ட பெரியாரின் பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்வி இது.

எந்திரம் வந்தால் துப்புரவுத் தொழிலாளியின் வேலை போகும் என்பார்கள். அவரையே அதன் இயக்குநராகப் பழக்குவது அரசுக்கு இயலாததா? கோவில்பட்டியிலே அரசு மருத்துவமனை இருக்கிறது. பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. சக்கரம், மின்கலம், விளக்கு, கதவு விசை என்று தொடங்கலாம். ஆனால் மழமழப்பான தரைக்குச் செய்த சின்னச் சக்கரம் நம் வார்டு வாசற்படியில் ஏறாது. முதல் திருத்தம் அங்கிருந்தே வேண்டும்.