இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும்

அண்மையில் வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, “அங்கும் ரூபா, இங்கும் ரூபா, அவ்வாறிருக்க, அவர்களுடைய ஒரு ரூபாவுக்கு நாம் மூன்று ரூபாவுக்கு மேல் கொடுப்பது எதனால்?” என வினவினான். சிதம்பரத்துக்கு யாத்திரை செல்லவிருந்த பாட்டியாருடன் வெள்ளவத்தையிற் காசு மாற்றச் சென்றபோது எழுந்த ஐயம் அது. பாட்டியாரோ, “ஒருகாலத்தில் எங்கள் காசுதான் பெரிது” என்று சாதித்தாராம். பேரன் கண்டதும் உண்மை. பாட்டியார் கூறியதும் பொய்யன்று. இவ்விரு உண்மைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தர் காலத்து இறைசாலும் ஆங்கிலேயரின் பவுண், சிலிங், பென்சும் இத்தீவில் வழங்கிய பின்னர், 1872 சனவரி முதலாந் தேதியிலிருந்து நூறு சதங்கொண்ட ரூபாவே சட்டபூர்வமான கணக்குப் பணமாயிற்று. இந்தியா அணாவையும் பைசாவையும் கைவிட்டுத் தசமமுறையை மேற்கொண்டது 1957 இலேதான். எண்ணும் முறையில் நாம் எண்பத்தைந்து ஆண்டு முந்திக்கொண்டோம். ஆயினும் எண்ணப்பட்ட வெள்ளி ரூபா இந்தியாவிலே அடிக்கப்பெற்றதே. நினைவு நாணயம் நீங்கலாக, தனக்கென ஒரு ரூபாக் குற்றியை இலங்கை புழக்கத்துக்கு விட்டது 1963 இலாகும். எனவே இரு ரூபாவுக்குமிடையே மாற்று வீதம் என்ற பேச்சுக்கே அன்று இடமிருக்கவில்லை. செட்டியார் தெருவிற் கொடுத்த கடனும் செட்டிநாட்டில் எழுதிய கணக்கும் ஒரே நாணயத்தில் அமைந்தன.

நாணயம் ஒன்றாயிருந்தமையால் அதன் ஏற்றத்தாழ்வும் ஒன்றாயிற்று. உலகில் வெள்ளியின் விலை வீழ ரூபாவும் வீழ்ந்தது. 1870 ஆம் ஆண்டளவில் இரண்டு சிலிங்கை அண்மித்திருந்த ரூபா, 1893 இல் சுமார் பதினைந்து பென்சுக்கு இறங்கியது. தேயிலையைப் பவுணுக்கு விற்றுக் கூலியை ரூபாவிற் கொடுத்த தோட்டத்துரைக்கு இவ்வீழ்ச்சி ஆதாயம். கூலியாளுக்கு அதிற் பங்கில்லை. 1893 இல் இந்திய அரசு தனது அக்கசாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடி வீழ்ச்சியைத் தடுத்தது. ரூபாவின் பெறுமதி பின்னர் ஒரு சிலிங் நான்கு பென்சிலும், 1927 இல் ஒரு சிலிங் ஆறு பென்சிலும் நிலைநிறுத்தப்பட்டது. தீர்மானித்தவர் இந்திய ஆட்சியாளர். அனுபவித்தவர் இரு நாட்டவரும்.

1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது, தேசாதிபதி ஆதர் கோடன் அதன் நோட்டுக்களுக்கு அரசின் பொறுறுதி அளித்தார். அதன்பின் நோட்டு வெளியிடும் உரிமை அரசினதாயிற்று. சுதந்திரத்தின் பின், 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணயவிதிச் சட்டத்தின்படி அமைந்த மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28 இல் தொழிற்படத் தொடங்கியது. எனினும் அச்சட்டம் இலங்கை ரூபாவுக்கு விதித்த 2.88 கிரெய்ன் பொன், இந்திய ரூபாவுக்குரிய அதே அளவாகும். 1949 செப்தெம்பரில் பவுணின் பெறுமதி குறைக்கப்பட்டபோது, டில்லியும் கொழும்பும் ஒருசேரக் குறைத்தன. டொலர் இரு நாட்டிலும் 4 ரூபா 76 சதமாயிற்று. பாக்கிஸ்தான் மட்டும் குறைக்க மறுத்தமையால் இந்தியாவுடனான அதன் வாணிகம் முடங்கியதை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

பிரிவு 1966 யூன் 6 ஆந் தேதி நேர்ந்தது. போரும் வறட்சியும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் நெருக்க, இந்தியா டொலரொன்றுக்கு ஏழரை ரூபா என விதித்தது. இலங்கை அசையவில்லை. நமது நூறு ரூபா அவர்களின் 157 ரூபா 50 பைசாவுக்குச் சமமாயிற்று. பாட்டியார் கூறிய பெருமைக் காலம் இதுவே. ஆனால் நம் ரூபா வளர்ந்ததன்று, அவர்களுடையது தாழ்ந்தது. 1967 நவெம்பரில் பிரித்தானியா பவுணின் பெறுமதியைக் குறைத்தபோது இலங்கையும் குறைத்தது, இந்தியா குறைக்கவில்லை. டொலர் இங்கு 5 ரூபா 95 சதமாக, நூறு ரூபாவுக்கு 126 இந்திய ரூபாவே கிடைத்தது.

இவ்வெண்கள் ஏட்டுச்சுரைக்காய் அல்ல. 1964 ஒக்தோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்பப் பதினைந்து ஆண்டு வகுத்தது. சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சத் தொகை நாலாயிரம் ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது என்பது அதன் ஒரு வாசகம். அத்தொகையை அளவுகோலாகக் கொண்டு அரசாங்க வீதத்திற் கணக்கிடுவோம். கைச்சாத்திட்ட நாளில் அது நாலாயிரம் இந்திய ரூபா. 1966 யூனில் 6,300. 1967 இறுதியில் சுமார் 5,040. 1977 நவெம்பரில் இலங்கை தனது இரட்டை வீதமுறையை ஒழித்து டொலருக்குப் பதினாறு ரூபா எனத் தொடங்கியபோது, இந்தியாவில் டொலர் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்டிருந்தது. அந்நாலாயிரம் அங்கே இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டியது. ஒரே மலையில் ஒரே கொழுந்தைக் கிள்ளிய இரு குடும்பங்களின் ஆயுட்கால உழைப்பு, தலைமன்னாரிற் கப்பலேறிய ஆண்டைப் பொறுத்து மும்மடங்கு வேறுபடக்கூடியதாயிற்று. அந்த ஆண்டைப் பெரும்பாலும் அவர்கள் தெரிந்துகொண்டதுமில்லை.

அப்பால் நிகழ்ந்தது தொடர் இறக்கமே. இந்தியாவும் 1991 யூலையில் தனது ரூபாவைத் தாழ்த்தியதாயினும், நமது இறக்கம் அதனிலும் விரைவுடையது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. இந்திய ரூபா ஒன்றை மூன்றுக்குக் குறைவாக வாங்கியவர் நாலரைக்கு மேல் கொடுக்க நேர்ந்தது.

இதிலிருந்து மாணவர் அறியவேண்டியது யாது? மாற்று வீதம் ஒரு நாட்டின் மானத்தை அளக்கும் கோலன்று. செயற்கையாக உயர்த்திப் பிடித்த வீதத்தாற் பெருமை கொள்வது, தாங்கிய கை தளரும்வரைதான். ஆனால் வீதம் மாறும்போது அதன் சுமை எல்லோர்மீதும் ஒப்ப விழுவதில்லை. பொருளும் நிலமும் உடையோன் தப்பிக்கொள்வான்; எண்ணி வைத்த தொகையையே நம்பியிருப்பவன் அகப்படுவான். நாணயத்தின் வரலாற்றைக் கற்போர், வீத அட்டவணைக்கு அருகே அந்நாலாயிரம் ரூபாவையும் குறித்து வைப்பார்களாக.