நண்பர் எழுதிய வாழ்க்கை: லண்டன் நினைவெழுத்தின் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டனில், மறைந்தவரின் நிறைகளை மட்டும் அடுக்கிச் சொல்லும் கல்லறை வாசகங்களும் இரங்கற் பிரசங்கங்களுமே பெருவழக்காக இருந்த காலத்தில், இறந்த நண்பரின் குறைகளையும் அன்போடும் நகைச்சுவையோடும் பதிவு செய்யலாம் என்று காட்டிய நூல்களுள் முதன்மையானது, சாமுவேல் ஜான்சன் 1744இல் வெளியிட்ட ரிச்சர்ட் சாவேஜின் வாழ்க்கை வரலாறு ஆகும். 1737இல் லண்டனுக்குப் பிழைப்புத் தேடி வந்த ஜான்சன், எட்வர்ட் கேவ் 1731இல் தொடங்கிய ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ என்ற மாத இதழில் எழுதிக் கூலி பெற்றவர். சாவேஜோ, ஒரு சீமாட்டியின் மகன் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டு, புரவலர்களின் தயவில் காலம் கழித்த கவிஞர். தங்க இடமின்றி இருவரும் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தை ஓர் இரவு முழுதும் சுற்றிவந்து, சோர்வடையாமல் அன்றைய ஆட்சியின் முதன்மை அமைச்சரைத் திட்டித் தீர்த்ததாக ஜான்சனே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

1739இல் நண்பர்கள் பணம் திரட்டிச் சாவேஜை வேல்ஸுக்கு அனுப்ப முனைந்தபோது, தம்மைக் கேளாமல் உடைக்கு அளவெடுக்கத் தையற்காரரை வரவழைத்தார்கள் என்று அவர் கொதித்தெழுந்ததையும், பதினைந்து கினி (ஒரு கினி என்பது இருபத்தொரு ஷில்லிங் மதிப்புள்ள நாணயம்) கையோடு புறப்பட்டவர், பதினான்காம் நாளில், இன்னும் வழியில்தான் இருப்பதாகவும் காசு தீர்ந்துவிட்டதாகவும் செய்தி அனுப்பியதையும் ஜான்சன் மறைக்கவில்லை. கடனுக்காக அடைபட்ட பிரிஸ்டல் சிறையில் 1743 ஆகஸ்டில் சாவேஜ் இறந்தபோது, சிறைக்காவலரே அடக்கச் செலவை ஏற்றார் என்பதையும் அந்நூல் சொல்வதால், அதுவரை சிரித்த வாசகர் அவர்மேல் இரக்கம் கொள்கிறார்.

ஜான்சன் மறைந்தபின், பிழிந்த ஆரஞ்சுப் பழத்தின் தோலை அவர் சேர்த்துவைத்த விநோதத்தைக்கூட 1791இல் வெளியிட்ட ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்த அவருடைய இளைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல், ஆசானின் வழியையே ஆசானுக்கும் கையாண்டார். இருபதாம் நூற்றாண்டில், 1986இல் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழின் இரங்கற்குறிப்புப் பகுதியை ஏற்ற ஹியூ மாசிங்பெர்ட், எழுதியவர் பெயரின்றி, இறந்தவரின் கோணல்களை நாசூக்காகச் சொல்லும் முறையை வளர்த்தார்; அதே ஆண்டில் தோன்றிய ‘இண்டிபெண்டென்ட்’ நாளிதழோ, மறைந்தவரை அறிந்தவர்கள் தம் பெயரிட்டு எழுதும் முறைக்கு இடமளித்தது.

லண்டனில் தமிழரிடமும் ஒரு நினைவெழுத்து மரபு உண்டு: ஈழத்தமிழர், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கையொட்டி வழங்கும் ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு மலர், புலம்பெயர்ந்த பின் லண்டனிலும் தொடர்கிறது. தேவாரமும் குடும்ப வரலாறும் இரங்கற்பாக்களும் நிறைந்த அம்மலர்களைத் தொகுப்போர், மறைந்தவரோடு பணியாற்றிய ஒருவரிடம், மறைந்தவர் சிரித்த, சினந்த, பிடிவாதம் பிடித்த தருணங்களைக் கேட்டு ஒரு பக்கமேனும் சேர்ப்பது நல்லது. பேரப்பிள்ளைகளுக்குப் புகழ்மாலையைவிட அந்தப் பக்கமே அவரை அறிமுகப்படுத்தும்.