நிழலில் நின்ற இசை: ஹாலிவுட் பின்னணி இசையின் மறுபதிப்பு வரலாறு

ஒரு படைப்பு தோன்றிய காலம் வேறு. அது சுவைப்போர் கைக்கு முழுமையாக வந்து சேரும் காலம் வேறு. சீவக சிந்தாமணி உ.வே. சாமிநாதையரின் பதிப்பாக 1887ஆம் ஆண்டு அச்சேறும் வரை ஏட்டுச் சுவடிகளிலேயே பெரிதும் அடங்கிக் கிடந்தது என்பதைத் தமிழுலகம் நன்கறியும். ஏடு தேடுதல், பாடவேறுபாடு காணுதல், சிதைந்த பகுதியைச் செப்பம் செய்தல் ஆகிய பணிகள் பழைய இலக்கியத்துக்கே உரியன என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் பிறந்த திரைப்படக் கலையின் பின்னணி இசையும் இத்தகைய பதிப்புப் பணியை வேண்டி நின்றது. அமெரிக்க ஹாலிவுட் படங்களுக்காக எழுதப்பட்ட இசை, திரையில் ஒலித்த பின் என்ன ஆயிற்று, அதனை முழுமையாகக் கேட்க விரும்பிய சுவைஞர்கள் எதற்காகக் காத்திருந்தனர், அக்காத்திருப்பு எதனை மீட்டது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

இசை பிறந்த சூழல்

பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் பின்னணி இசைக்குத் தனி மதிப்பு இருந்ததில்லை. வியன்னாவில் பிறந்த மாக்ஸ் ஸ்டைனர் 1933இல் வெளிவந்த 'கிங் காங்' படத்துக்கு எழுதிய இசையே, ஒரு கதையின் அச்சத்தையும் இரக்கத்தையும் வாத்தியக் குழுவால் தாங்கிச் செல்ல இயலும் என்பதை விரிவாக உணர்த்தியது. எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட், மிக்லோஸ் ரோசா, பெர்னார்ட் ஹெர்மன் முதலியோர் இவ்வழியைப் பின்னர் வளப்படுத்தினர்.

இவ்விசை எழுதியவருக்கு உடைமையாக இருக்கவில்லை. படநிறுவனத்தின் ஊதியம் பெற்று எழுதிய இசையமைப்பாளரின் குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுகளும் நிறுவனத்தின் சொத்தாயின. படம் ஓடி முடிந்ததும் அவை கிடங்குக்குச் சென்றன. திரையில் கேட்ட இசையோ உரையாடலுக்கும் குதிரைக் குளம்பொலிக்கும் அடியில் பாதி மறைந்தே கேட்டது. கச்சேரி மேடையில் ஒரு சிம்பொனியைக் கேட்பதுபோல் அதனைத் தனித்துக் கேட்க எவருக்கும் வாய்ப்பில்லை. மறுவெளியீட்டு வேட்கையின் முதற்காரணம் இதுவே எனலாம்.

இசைத்தட்டின் எல்லை

வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' படப் பாடல்கள் 1938இல் இசைத்தட்டாக வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றன. பாடலற்ற பின்னணி இசைக்கு அவ்வாய்ப்பு 1942இல் கிட்டியது. ரோசா இசையமைத்த 'தி ஜங்கிள் புக்' படத்தின் இசை, கதைசொல்லலுடன் இணைக்கப்பட்டுத் தட்டுகளாக வெளியிடப்பட்டது. கதையைச் சொன்னவர் அப்படத்தின் நாயகரும், மைசூர்ப் பகுதியில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்றவருமாகிய சாபு என்பது இந்தியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இசை தனித்து நிற்கும் என்று வணிகர் இன்னும் நம்பவில்லை என்பதும் இதனாற் புலனாகும்.

1948இல் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டு அறிமுகமானது. அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது முதல் இருபத்தைந்து நிமிட இசையே நன்கு பதியும். இரண்டு மணி நேர இசையுடைய படமாயினும் தட்டில் இடம்பெற்றது முப்பது, நாற்பது நிமிடப் பகுதியே. இத்துடன் பொருளியல் தடை ஒன்றும் சேர்ந்தது. படத்துக்காக வாசித்த இசை தட்டாகவும் விற்கப்படுமாயின் வாத்தியக் கலைஞர்க்கு மீண்டும் ஊதியம் தரவேண்டும் என்பது அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் விதி. உழைத்தவர்க்கு உரிய நியாயமான விதி அது. எனினும் பெரிய வாத்தியக் குழுவின் நீண்ட இசையை வெளியிடுவதை அது செலவு மிக்கதாக்கியது. நிறுவனங்கள் ஒன்று தட்டின் நேரத்தைக் குறைத்தன. அன்றி வெளிநாட்டுக் குழுக்களைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்தன.

இதற்குச் சிறந்த சான்று 1959இல் வெளிவந்து பதினொரு ஆஸ்கார் விருதுகள் பெற்ற 'பென்ஹர்' ஆகும். ரோசாவுக்கும் அவ்விருதுகளுள் ஒன்று கிட்டியது. ஆயினும் படத்தைக் கண்டு நெகிழ்ந்தவர்கள் கடையில் வாங்கிய தட்டில் இருந்தது திரையில் ஒலித்த பதிவு அன்று. கார்லோ சவினா ரோம் நகரக் குழுவைக் கொண்டு நடத்திய வேறொரு பதிவாகும். படத்துக்கெனப் பதிவான இசை கிடங்கிலேயே இருந்தது.

காலம் மாறிய பின்னும் நிலை முற்றிலும் மாறவில்லை. 1985இல் வெளிவந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் இசைத்தட்டில் பாடல்களே நிறைந்திருந்தன. ஆலன் சில்வெஸ்ட்ரியின் பின்னணி இசைக்கு இரண்டு பகுதிகளே ஒதுக்கப்பட்டன. அம்முழு இசையும் குறுந்தகடாக வெளிவந்தது 2009ஆம் ஆண்டிலேயே. படம் பார்த்த நாளில் பள்ளிச் சிறுவராய் இருந்தோர், தம் பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதில் அவ்விசையை முழுமையாகக் கேட்டிருப்பர்.

அழிந்தவையும் எஞ்சியவையும்

காத்திருப்பவர்க்குக் காலம் நண்பனாக இருப்பதில்லை. பழைய காந்த ஒலிநாடாக்களின் அசிட்டேட் அடித்தளம் நாளடைவில் வேதிமாற்றமடைந்து காடிமணம் வீசத் தொடங்கும்; பின் சுருங்கி, வளைந்து, ஓட்டமுடியாத நிலையை அடையும். சுவடியைச் செல்லரிப்பது போன்றதே இது.

இயற்கை செய்த அழிவினும் மனிதர் செய்த அழிவு கொடியது. எம்.ஜி.எம். நிறுவனம் 1960களின் இறுதியை ஒட்டிய காலத்தில் நிருவாகம் மாறியபோது, தன் இசைநூலகத்திலிருந்த முழு இசைக்குறிப்புகளையும் வாத்தியப் பகுதிகளையும் பயனற்றவையெனக் கழித்தது. அவை குப்பையோடு குப்பையாக நிலத்தில் கொட்டப்பட்டன. பல படங்களுக்கு இசைநடத்துநர் கைக்கொண்ட சுருக்கக் குறிப்புகளே எஞ்சின. இங்கிலாந்தின் இசைநடத்துநர் ஜான் வில்சன், படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியம் வாசித்ததையும் செவியாலேயே பிரித்துணர்ந்து அவ்விசையை மீண்டும் எழுதினார். 2009இல் லண்டனின் பி.பி.சி. புரோம்ஸ் விழாவில் அது அரங்கேறியது. ஓலை அழிந்த பின் உரையாசிரியரின் மேற்கோள்களிலிருந்து மூலநூலைத் திரட்டும் முயற்சியோடு இது ஒப்பிடத்தக்கது.

சுவைஞர் எடுத்த முயற்சி

உடைமையாளர் மறந்ததைச் சுவைஞர் மறக்கவில்லை. 1972இல் சார்லஸ் கெர்ஹார்ட், கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ் கோர்ன்கோல்டின் தயாரிப்பில், 'தி சீ ஹாக்' முதலிய படங்களின் இசையை லண்டனில் புதிதாகப் பதிவு செய்தார். ஆர்.சி.ஏ. வெளியிட்ட அத்தட்டின் வெற்றி, பழைய திரையிசைக்குக் கேட்போர் உண்டு என்பதை வணிக உலகுக்கு உணர்த்தியது. இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டைன் 1974 முதல் 1979 வரை சந்தாதாரர்களை நம்பி ஒரு தட்டு வரிசையை நடத்தினார். இயக்குநர் ஹிட்ச்காக் ஒதுக்கிவிட்ட 'டோர்ன் கர்டன்' படத்துக்கான ஹெர்மனின் இசையும் அவ்வரிசையில் இடம்பெற்றது. தம்மினும் மூத்த கலைஞரின் புறக்கணிக்கப்பட்ட படைப்பை இளைய கலைஞர் தம் பொறுப்பில் வெளியிட்டது பெருஞ்செயலாகும்.

லூகஸ் கெண்டல் என்ற இளைஞர் 1990இல் பதின்ம வயதிலேயே தொடங்கிய 'ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி' இதழ் வாசகர் வேட்கைக்கு மேடையாயிற்று. 1996இல் அது குறுந்தகடும் வெளியிடத் தொடங்கியது. 2013இல் அப்பணி நிறைவுற்றபோது அவ்வெளியீடுகளின் எண்ணிக்கை 250 ஆகியிருந்தது. வரேஸ் சாராபாண்ட், இன்ட்ராடா, லா-லா லேண்ட் ஆகிய சிறு நிறுவனங்களும் இத்துறையில் தொண்டாற்றின. பெரிய படநிறுவனங்களின் கதவைத் தட்டி, நாடாக்களைத் தேடி எடுத்து, பழுது நீக்கி, விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டவர்களுட் பலர் முன்பு வெறும் சுவைஞராய் இருந்தவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

மூலப்பதிவு கிட்டாதவிடத்துக் குறிப்புகளைச் செப்பனிட்டு மீள வாசிக்கும் வழியும் கைக்கொள்ளப்பட்டது. ஜான் மார்கன் செப்பம் செய்த 'கிங் காங்' இசையை வில்லியம் ஸ்ட்ராம்பெர்க் மாஸ்கோ சிம்பொனிக் குழுவைக் கொண்டு நடத்த, அது 1997இல் வெளியாயிற்று. ஸ்டைனர் மறைந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வரலாற்றில் நெஞ்சை உருக்குவது அலெக்ஸ் நார்த்தின் கதை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அவர் எழுதிய இசையை இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் பயன்படுத்தவில்லை, தம் இசை படத்தில் இல்லை என்பதை நார்த் 1968இல் படம் காட்டப்பட்டபோதே அறிந்தார். அவர் 1991இல் மறைந்தார். அவருடைய நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய பதிவு 1993இல் வெளிவந்தது. நார்த் காலத்து மூலப்பதிவே 2007இல் இன்ட்ராடா வழியாக வெளிவந்தது. எந்தத் திரையிலும் ஒலிக்காத இசை, எழுதப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்போரை அடைந்தது.

எது மூலம்?

முழுமை வேண்டும் என்ற விருப்பம் ஒரு கடினமான வினாவையும் எழுப்புகிறது. படத்தில் ஒலித்த ஒவ்வொரு நொடியும் வேண்டுமா? இசையமைப்பாளர் தாமே தேர்ந்து தொகுத்தது போதாதா? 1975இல் 'ஜாஸ்' படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ், இசைத்தட்டுக்கென அவ்விசையைத் திருத்தியமைத்துப் புதிதாகப் பதிவு செய்தார். சில பகுதிகள் விரிந்தன, சில நீங்கின, தனியே கேட்பதற்கேற்ற ஒழுங்கு பிறந்தது. ஹெர்மன் 'சைக்கோ' இசையை 1975இல் லண்டனில் மீளப் பதிவு செய்தபோது, படத்தில் இருந்ததைவிட நடை தளர்ந்தது. இவற்றுள் எதனை மூலம் என்பது?

ஒருசாரார், தேர்வும் நீக்கமும் கலைஞனின் உரிமை என்பர். காட்சி நீளத்துக்கேற்ப எழுதிய சிறுசிறு துணுக்குகளைக் கோத்துத் தந்தால் கேட்பவர் களைப்படைவர் என்றும் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. மற்றொரு சாரார், தட்டின் நேரமும் ஊதியச் செலவும் விதித்த சுருக்கத்தைக் கலைஞனின் தேர்வு என்று கொள்ளலாகாது என்பர். இக்கூற்றிலும் உண்மை உண்டு. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' இசை இரட்டைத் தட்டாக எழுபது நிமிடங்களுக்கு மேல் வெளிவந்து மிகப் பரவலாக விற்றது, இடம் கிடைத்தபோது கலைஞரும் அதனைப் பயன்படுத்திக் கொண்டதைக் காட்டும்.

நல்ல பதிப்பாசிரியர் இவ்விரு சாராருக்கும் இடம் தருவார். 2015இல் இன்ட்ராடா வெளியிட்ட 'ஜாஸ்' இரட்டைக் குறுந்தகட்டில் படத்துக்கான இசையும், 1975ஆம் ஆண்டுத் தட்டின் வடிவமும் தனித்தனியே அமைந்தன. 2012இல் ஐந்து குறுந்தகடுகளாக வெளிவந்த 'பென்ஹர்' தொகுப்பும், படத்தில் ஒலித்த இசையோடு பயன்படாத மாற்று வடிவங்களையும் சேர்த்தே தந்தது. மூலத்தையும் பாடவேறுபாட்டையும் ஒருங்கே தந்து, தீர்ப்பைக் கற்பவரிடம் விடும் பதிப்பு முறை இது.

எட்டாத பதிப்புகள்

மீட்பிலும் குறை உண்டு. இத்தகைய வெளியீடுகள் பல 3,000 படிகளுக்கோ அதற்கும் குறைவாகவோ வரையறுக்கப்பட்டவை. உரிமையாளரோடும் கலைஞர் சங்கத்தோடும் செய்துகொள்ளும் உடன்பாடும் சந்தையின் சிறுமையும் இதற்குக் காரணம். விரைவில் விற்றுத் தீர்ந்தவை, பின்னர்ப் பழைய பொருள் விற்போரிடம் பன்மடங்கு விலைக்குப் போயின. கிடங்கிலிருந்து மீண்ட இசை சிலருடைய அலமாரிக்குள் மறுபடியும் அடங்கியது. மேலும், 'சூப்பர்மேன்' இசை 2000, 2008, 2019 என மூன்று முறை விரிவாக வெளிவந்ததுபோல், ஒரே இசையை மீண்டும் மீண்டும் வாங்கவேண்டிய நிலையும் நேர்ந்தது. புதிய மூலம் கிடைத்தால் புதிய பதிப்பு வருதல் முறையே. எனினும் ஒரு படத்துக்கு மூன்று பதிப்புகள் வரும் காலத்தில், ஒரு பதிப்பும் காணாத இசை நாடாவோடு நலிந்து கொண்டிருப்பது வருந்தத்தக்கது. புகழ்பெற்ற பெயர்களைச் சுவைஞர் வேட்கை முதலில் மீட்கிறது. அறியப்படாத கலைஞர் கடைசி வரிசையிலேயே நிற்கிறார்.

முடிவுரை

ரோசா 1995இல் மறைந்தார். 'பென்ஹர்' படத்தின் விரிவான இரட்டைக் குறுந்தகடு 1996இல் வெளிவந்தது. ஓராண்டு இடைவெளியில் தவறிய இந்த நிகழ்ச்சி இவ்வரலாறு முழுமைக்கும் பொருந்தும் குறியீடாக அமைகிறது. விரிவான மறுபதிப்பை வேண்டுவோரைப் பொருள் சேர்க்கும் பித்தர் என்று எள்ளுவது எளிது. அவர்கள் வேண்டியிராவிடில் நாடாக்கள் தேடப்பட்டிரா, தேடப்படாதவை அழிந்திருக்கும். உடைமை நிறுவனத்திடம் இருந்தது; அக்கறை கேட்போரிடம் இருந்தது. அவ்வக்கறை பொறுமையிழந்து மடல் எழுதியும், இதழ் நடத்தியும், சந்தா செலுத்தியும் செயலாக மாறியமையால் பல கலைஞரின் உழைப்பு காலத்தை வென்றது. படைப்பைப் போற்றுதல் என்பது அதன் மூலத்தைக் கெடாமல் காத்து, அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பதையும் உள்ளடக்கியது என்பதற்கு, ஏட்டுச் சுவடியைப் போலவே ஒலிநாடாவும் சான்றாகிறது எனத் துணியலாம்.