தோத்திரத்துக்குத் தோத்திரம்

மலாக்கா சந்தையில் ஒருவர் 'தெரிமா காசி' என்றால், எதிரில் நிற்பவர் 'சாமா சாமா' என்பார். சொன்ன நன்றி சொன்னவரிடமே திரும்பிவிடும், கணக்குத் தீர்ந்தது. அங்கே ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் நடப்பது வேறு. ஒருவர் கைகூப்பி 'தோத்திரம்' என்பார். மற்றவரும் கைகூப்பி 'தோத்திரம்' என்பார். முகம் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவர்கள் இருவரில் யாருக்கும் உரியதில்லை, மூன்றாமவரான கடவுளுக்குப் போகிறது. அதனால்தான் அதற்குப் பதிலும் அதுவாகவே இருக்கிறது.

சொல்லின் பிறப்பு வடமொழியில். 'ஸ்து' என்ற வேருக்குப் புகழ்தல் என்று பொருள். ஸ்துதி அதிலிருந்து வந்தது. தமிழில் அது துதி. ஸ்தோத்திரமும் அப்படித்தான், புகழ்வதற்கான பாட்டு. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லைத் தமிழ் நாக்கு ஏற்காது. ஸ்தலம் தலமானது, ஸ்தம்பம் தம்பமானது, ஸ்தோத்திரம் தோத்திரமானது. போதகர் புத்தகத்தைப் பார்த்து 'ஸ்தோத்திரம்' என்று அழுத்திச் சொல்ல, லயத்துக் கிழவி 'தோத்திரம்' என்பாள். கிழவி சொல்வது கொச்சை என்று சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலக்கணம் கிழவியின் பக்கம்.

கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே இது சைவர்களின் வீட்டுச் சொல். பன்னிரு திருமுறை தோத்திரம், மெய்கண்ட நூல்கள் பதினான்கும் சாத்திரம் என்பது அவர்களுடைய பாகுபாடு. அங்கே தோத்திரம் என்றால் புகழ் மட்டுமே. நன்றி என்ற பொருள் பின்னால் ஏறியது, ஏற்றியவர்கள் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள்.

அவர்களுக்கு வேறு வழி குறைவு. இன்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'நன்றி' பழைய தமிழில் ஒரு பெயர்ச்சொல். நன்மை, செய்த உதவி என்று பொருள். வள்ளுவர் அதிகாரத்துக்கு வைத்த பெயர் செய்ந்நன்றி அறிதல். நன்றியை அறியலாம், மறக்கலாம், கொல்லவும் செய்யலாம். எதிரில் நிற்பவரிடம் எடுத்து நீட்டும் சொல்லாக அது ஆனது பிற்காலத்தில். கிரேக்க மூலத்தில் நன்றி செலுத்துவதாக வரும் இடங்கள் பலவற்றில், பவர் ஐயர் என்ற போதகர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த வேதாகமத் திருத்தம் ஸ்தோத்திரத்தை வைத்தது. கடைசி இராவுணவில் இயேசு பாத்திரத்தை எடுத்துச் செய்வதும் அதில் ஸ்தோத்திரம்தான். 1995-இல் வந்த திருவிவிலியம் அதே இடங்களில் நன்றிக்குத் திரும்பியது. கத்தோலிக்கர் பூசையிலும் இன்று நன்றியே கேட்கிறது.

நன்றிக்கு ஸ்தோத்திரத்தை வைத்ததில் ஒரு நட்டம் உண்டு. கிரேக்கத்தில் 'காரிஸ்' என்றால் அருள். அதிலிருந்து பிறந்த 'யூகரிஸ்தியா' என்றால் நன்றி. கொடுப்பதும் ஏற்பதும் ஒரே வேர். தமிழில் கிருபை ஒரு பக்கம், ஸ்தோத்திரம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கின்றன. அருளுக்கே நம்மிடம் ஒரு சொல் நிலைக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் தெ நொபிலி பிரசாதம் என்றும் அருள் என்றும் சொன்னார். கத்தோலிக்கர் வரப்பிரசாதம், இஷ்டப்பிரசாதம் என்று வளர்த்தார்கள். பழைய மரியாள் ஜெபத்தில் அது பிரியதத்தம். சீர்திருத்த சபையார் கிருபையோடு நின்றார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "கர்த்தர் கிருபையில சுகம்" என்பது அவர்களுடைய பதில்.

பிரிந்த அந்த இரண்டும் மலாக்காவில் மற்ற மொழிகளில் ஒன்றாகவே கிடக்கின்றன. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் கிறிஸ்தாங் பேசும் முதியவர் நன்றி சொல்ல 'முத்து மெர்சே' என்பார். மெர்சே என்பது போர்த்துகீசிய மொழியில் தயவு, அருள். 1511-இல் கப்பலில் வந்திறங்கியவர்களின் மொழி, 1641-இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்த பிறகும் அடுப்படியில் தப்பிப் பிழைத்தது.  மலாய்க்கு வாருங்கள். தெரிமா காசி என்பதைப் பிரித்தால் 'அன்பை ஏற்றேன்'. இந்தோனேசிய வேதாகமத்தில் அருளுக்குச் சொல் 'காசி கருணியா'; காசி அதே அன்பு, கருணியா நம் காருண்யம். அப்போதுதான், யூகரிஸ்தியா என்றே பெயர் பெற்ற திருவிருந்துக்குத் தமிழில் வழங்கும் நற்கருணை நினைவுக்கு வருகிறது. யூகரிஸ்தியாவை நல் என்றும் கருணை என்றும் பிரித்துப் பொருந்த வைத்த யாரோ ஒருவருக்குக் கிரேக்கமும் தமிழும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் புகழைக் குறிக்கும் சொல்லிலேயே நன்றியை ஏற்றியதில் ஒரு லாபமும் வந்தது. அது தெரிய ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும். 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில். தோட்டங்கள் பெருகின, தமிழர் வந்தார்கள், அவர்களில் சிலர் வேதக்காரர்கள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு மரத்தில் பால் வெட்டும் உளியும் பால் ஏந்தும் மங்கும். மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. பெற்றதற்குச் சொல்வது நன்றி என்றால் அந்த நாளில் சொல்ல ஒன்றுமில்லை. தோத்திரம் சொல்லலாம், கஞ்சி எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. கூடுதல் கூலி கேட்பவன் வாயை அடைக்கவும் இதே சொல் பயன்படக்கூடியதுதான், அதையும் மறக்கவில்லை. ஆனாலும் மழை நாளில் ஒரு குடும்பத்தை அமைதியாக உட்காரவைத்த சொல் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிள்ளைகள் தாமான் வீடுகளில். ஸ்தோத்திரக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு நடக்கிறது: பிறந்தநாளுக்கு, தேர்வில் தேறியதற்கு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதற்கு. பாட்டு, ஜெபம், கடைசியில் மீகூன். காணிக்கை உறையில் காரணம் எழுதித் தருகிறார்கள். ஆயிரம் ஸ்தோத்திரங்களை அடுக்கி அச்சிட்ட சிறு புத்தகங்களும் புழங்குகின்றன. எண்ணிக்கை கூடினால் புகழ் கூடும் என்பது எனக்கு ஒப்பவில்லை. இளையவர்களோ 'பிரைஸ் த லார்ட்' என்கிறார்கள். அதே பொருள்தான். கை மட்டும் கூப்புவதற்குப் பதில் குலுக்குகிறது.

ஜாசினிலோ, அலோர் காஜாவிலோ, மெர்லிமாவிலோ தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் எப்படிச் சொன்னார் என்று கேட்டு எழுதி வையுங்கள்: தோத்திரமா ஸ்தோத்திரமா, யாருக்கு முதலில் சொன்னார், கிராணியைக் கண்டால் சொன்னாரா, போதகர் ஐயருக்கு மட்டுமா. கேட்கப் போகும்போது அவர் தோத்திரம் என்று வரவேற்றால், 'நன்றி' என்று பதில் சொல்லிவிடாதீர்கள்.